மூன்றாவது மிஷின், ஏழாவது ஸ்லாட்

இப்போது சர்வர் என்கிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு அது வெறும் மிஷின். டோபி காட் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில், கண்ணாடி அறைக்குள், ஆளுயர பீரோ மாதிரி நான்கு மிஷின்கள் நின்றன. ஊரே வியர்த்து வழியும்போது அந்த அறையில் மட்டும் பல் தந்தியடிக்கும். சொந்தமாகக் கணினி வாங்க முடியாத கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியலும் சரக்குப் பட்டியலும் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். நான் அங்கே புரோகிராமர். வயது இருபத்து மூன்று. வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, இன்னும் நிரந்தரமாகவில்லை.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. போன் மணி அடித்தால்கூட, என்ன தப்பு செய்தேன் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் எடுப்பேன். என் தம்பி, "அக்காவுக்கு அவங்க நிழலப் பார்த்தாலே காய்ச்சல் வந்துடும் லா" என்று கேலி செய்வான். ஆனால் அந்த வருடம் தைப்பூசத்தை ஒட்டி நான் பட்ட பதினோரு நாள் பயம் வேறு. அதற்குக் காரணம் இருந்தது. காரணம் நானேதான்.

ஆரம்பம் இப்படி. ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். சீனர், மெதுவாகப் பேசுகிறவர், கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு கேள்வி கேட்டிருக்கிறதாம்: உங்கள் மிஷின்களுக்குள் என்னென்ன இருக்கிறது? அவரால் 'நான்கு மிஷின்' என்பதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு மிஷினின் வயிற்றிலும் பன்னிரண்டு ஸ்லாட், அட்டை செருகுகிற பொந்து. ஒவ்வொரு ஸ்லாட்டிலும் ஒரு எலெக்ட்ரானிக் போர்டு. ஒன்று மெமரி, ஒன்று டிஸ்க்கை ஓட்டுவது, ஒன்று டெலிபோன் லைனைக் கவனிப்பது. ஒவ்வொரு போர்டின் மூலையிலும் அரிசி மணியளவு எழுத்தில் ஒரு சீரியல் நம்பர். எந்த மிஷினில், எந்த ஸ்லாட்டில், எந்த நம்பர் போர்டு இருக்கிறது என்று பதிந்து வைக்க ஒரு புரோகிராம் எழுது என்றார். ஒரு மெமரி போர்டின் விலை என் ஒரு வருடச் சம்பளத்தைவிட அதிகம் என்பதையும் போகிறபோக்கில் சொன்னார். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனாலும் புரோகிராமை நன்றாகத்தான் எழுதினேன். நன்றாக எழுதியதுதான் வினை. மேனேஜர் கேட்டது மிஷின், ஸ்லாட், போர்டு வகை, சீரியல் நம்பர், அவ்வளவே. நான்தான் அதிகப்பிரசங்கித்தனமாக இரண்டு பத்தி சேர்த்தேன்: பார்த்த தேதி, பார்த்தவர். காகிதத்தில் ஒன்று, மிஷினுக்குள் ஒன்று என்று ஆகிவிடக் கூடாது, யாராவது ஒருவர் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒரு வரி பட்டியலில் ஏற வேண்டும் என்பது என் வாதம். பார்த்தவரின் இனிஷியல் போடாமல் அடுத்த வரிக்குப் போக முடியாதபடி புரோகிராமையும் கட்டிவிட்டேன். மேனேஜர் தலையாட்டி ரசித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மிஷின்களைத் திறந்து மூடுகிற வேலை ஒருவருடையது. நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைக்காரன் ராணுவத் தளத்தில் ரேடியோ பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து வேலை பழகியவர். எழுபதுகளின் ஆரம்பத்தில் வெள்ளைக்காரன் மூட்டை கட்டியதும் அங்கே இங்கே அலைந்து கடைசியில் எங்கள் கம்பெனிக்கு வந்தவர். சர்டிபிகேட் என்று கையில் ஒரு காகிதம் கிடையாது. இந்த இடத்தைவிட்டால் தன்னை ஒரு கம்பெனியும் வாசலில்கூட நிறுத்தாது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். கத்தோலிக்கர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். இரண்டு சின்னப் பெண்கள். குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி பிளாக்குக்கு நாலு பிளாக் தள்ளி வீடு. மிஷின் கதவுகளின் சாவியும் ஸ்பேர் பொருட்கள் அலமாரியின் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும்.

போர்டின் நம்பரைப் படிக்க வேண்டுமானால் மிஷினை அணைத்து, போர்டைப் பாதி வெளியே இழுக்க வேண்டும். பொது விடுமுறை தவிர வேறு நாளில் மிஷினை அணைக்க முடியாது. எங்கள் ஆபீசில் விடுமுறை வேலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. தீபாவளிக்கு நான் வரமாட்டேன், அவர் வருவார். கிறிஸ்துமஸுக்கு அவர் வரமாட்டார், நான் வருவேன். யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. அவர் தீபாவளியன்று தனியாக வந்து முதல் இரண்டு மிஷின்களையும் அணைத்து, இருபத்து நான்கு போர்டுகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து எழுதி வைத்துவிட்டுப் போனார். மிச்சம் இரண்டும் என் கிறிஸ்துமஸ் பங்கு.

கிறிஸ்துமஸுக்கு அவர் மனைவி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வேலை முடிந்ததும் நேராகப் போகலாம் என்று காலையிலேயே புது நைலக்ஸ் சேலை கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். சிராங்கூன் ரோட்டில் அம்மா வாங்கித் தந்தது, மயில் கழுத்து நிறம். அந்தச் சேலையோடு அந்தக் குளிர் அறையில் நடந்தால் என்ன ஆகும் என்று புத்தி உள்ள யாருக்கும் தெரியும். அண்ணனே பலமுறை சொல்லியிருக்கிறார், "நைலான் கட்டிட்டுப் போர்டுகிட்ட வந்துடாதம்மா. உரசி உரசி உடம்புல கரண்ட் ஏறிடும். ஒரு பொறி போதும், போர்டு செத்துடும்." அதைத் தடுக்க மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் பட்டை ஒன்று உண்டு. அதை எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொள்ள மறந்திருந்தேன்.

முந்தின நாளே அண்ணனிடம் வாங்கி வைத்திருந்த சாவியால் மூன்றாவது மிஷினைத் திறந்து அணைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆறு போர்டுகளைப் பார்த்து நம்பர் எழுதினேன். ஏழாவதை இழுக்கக் கை நீட்டியபோது, விரலுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் சட்டென்று ஒரு நீலப் பொறி. வலி ஒன்றுமில்லை. ஆனால் என் ஒரு வருடச் சம்பளம் கண்முன்னே கருகிப்போனது மாதிரி இருந்தது. கதவைச் சாத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு எழுந்துபோய் ஃபைலிலிருந்து டெலிவரி காகிதங்களை எடுத்தேன். மிஷின்கள் வந்திறங்கிய அன்று கூடவே வந்த காகிதங்கள். அவற்றில் எல்லா போர்டுகளின் நம்பரும் இருந்தன. மூன்றாவது மிஷினில் மிச்சம் இருந்த ஆறு, நான்காவதில் பன்னிரண்டு, ஆக மொத்தம் பதினெட்டு வரிகளைக் காகிதத்தைப் பார்த்தே அடித்தேன். பார்த்த தேதி: அன்றைய தேதி. பார்த்தவர்: என் இனிஷியல். நானே கட்டிய புரோகிராம் பதினெட்டு முறையும் கேட்டது, பதினெட்டு முறையும் பதில் சொன்னேன். மிஷினைத் திரும்பப் போட்டதும் ஒழுங்காக ஓடியது. எல்லாச் சாமிக்கும் நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அண்ணன் வீட்டில் பிரியாணி. அவர் என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டே கேட்டார்.

"எல்லாம் பார்த்துட்டியாம்மா?"

"பார்த்துட்டேன் அண்ணே."

ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஷூரன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் என் பட்டியலின் பிரிண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்க்க வந்தார்கள். அவர்களுக்காக அன்றைக்கு மட்டும் மிஷின்களை அணைக்க மேனேஜர் ஏற்பாடு செய்திருந்தார். அண்ணன் ஒவ்வொரு போர்டாக இழுத்துக் காட்ட, ஒருவர் நம்பரைப் படிக்க, இன்னொருவர் டிக் போட்டார். நான் கண்ணாடிக்கு வெளியே என் மேசையில் உட்கார்ந்து, மனசுக்குள் கந்த சஷ்டி சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மிஷின், ஏழாவது ஸ்லாட்டில் டிக் விழவில்லை. இன்னொரு தடவை படித்தார்கள். மேனேஜர் குனிந்து பார்த்தார். அங்கே இருந்தது மெமரி போர்டுதான், ஆனால் பட்டியலில் உள்ள புது போர்டு இல்லை. பழையது, ஓரம் மழுங்கியது, எங்கள் காகிதம் எதிலும் இல்லாத நம்பர்.

மற்ற பதினேழும் சரியாகவே இருந்தன. அந்த ஒன்றும் சரியாக இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மேனேஜரின் கணக்கு நேரானது. கிறிஸ்துமஸ் அன்று புது போர்டு உள்ளே இருந்திருக்கிறது. பார்த்தவர் இனிஷியல் இருக்கிறது. இப்போது அது இல்லை. நடுவில் ஒரு மாதம். அந்த மாதத்தில் யாரோ புதியதை எடுத்துவிட்டுப் பழையதைச் செருகியிருக்கிறார்கள். கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது? என் பட்டியலில் அந்தத் தேதி இல்லாமலிருந்தால் யாரும் யாரையும் சந்தேகப்பட்டிருக்க முடியாது. நான் பெருமையாகச் சேர்த்த அந்த ஒரு பத்திதான் அண்ணன் பக்கம் விரலை நீட்டியது.

அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. சொன்னால் என் வேலை போகும், அது நிச்சயம் என்று நினைத்தேன். அப்பா ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார், தம்பி ராணுவ சேவையில் இருக்கிறான், என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் இதெல்லாம் காரணம் இல்லை. மேனேஜர் மெதுவான குரலில் என்னைப் பார்த்து ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயம், அவ்வளவுதான்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அண்ணன் என்னிடம் வந்து வந்து கேட்டார். "நீ நல்லா பார்த்தியாம்மா? அந்த ஏழாவது? புதுசுதானா இருந்துச்சு?" சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தன் மூளைதான் குழம்பிவிட்டதோ என்று கேட்டார். நான் ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன்.

புதன்கிழமை காலை எல்லாருக்கும் முன்னால் போய், அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்றைச் செய்தேன். டெர்மினலில் உட்கார்ந்து, மூன்றாவது மிஷின், ஏழாவது ஸ்லாட் வரியைத் திறந்து, புது போர்டின் நம்பரை அழித்துவிட்டுப் பழைய போர்டின் நம்பரை அடித்தேன். இப்போது பட்டியலும் மிஷினும் ஒன்று. மறுபடி பிரிண்ட் எடுத்தால், முதல் தடவை ஏதோ கோளாறு என்று விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. வெள்ளிக்கிழமை மேனேஜர் புது பிரிண்ட்டையும் இன்ஷூரன்ஸ்காரர்கள் டிக் போட்ட பழைய பிரிண்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். யாரோ பட்டியலையே திருத்தியிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பட்டியலின் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி. தீபாவளியன்று நம்பர் அடிப்பதற்காக நான் கற்றுக்கொடுத்த அண்ணன் இன்னொருவர்.

அன்று மத்தியானம் அவருடைய சாவிகளை வாங்கிவிட்டார்கள். வரும் வியாழக்கிழமை பெரிய முதலாளி வருகிறார், அவர் முன்னால் விளக்கம் சொல்ல வேண்டும், திருப்தியில்லை என்றால் வேலையும் போகும், போலீசுக்கும் போகும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே தன் இடத்துக்குத் திரும்பினார். பேயறைந்த மாதிரி இருந்தார். என்னைப் பார்த்து, "நான் தொடலம்மா. சத்தியமா தொடல," என்றார். என்னிடம் எதற்குச் சத்தியம் செய்கிறார்? எனக்குக் கோபமே வந்தது. அந்தக் கோபத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை தைப்பூசம். எங்களுக்கு லீவு கிடையாது. காலையிலிருந்து காவடிகள் எங்கள் கட்டடத்துக்குக் கீழே, டேங்க் ரோடு முருகன் கோயிலை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன. 'வேல் வேல்' என்ற கோஷம் ஜன்னல் கண்ணாடியில் அதிர்ந்தது. மத்தியானம் கீழே இறங்கி ரோட்டோரம் நின்றேன். பால்குடம் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு பெண்கள் போனார்கள். தார் ரோடு கொதித்தது. நான் கையைக் கூப்பி முருகனிடம் பேரம் பேசினேன். இதை எப்படியாவது தானாகத் தீர்த்துவிடு, யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது, நானும் வாயைத் திறக்க வேண்டாம், அடுத்த வருடம் பால்குடம் எடுக்கிறேன், அதற்கடுத்த வருடமும் எடுக்கிறேன். மூன்று வருடம் வரைக்கும் ஏற்றினேன். கூட்டத்தில் எதிரே ஒரு சின்னப் பெண் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அவர் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் சின்ன மகள் வயதுதான் இருக்கும். பேரத்தை நிறுத்திவிட்டேன். நான் கேட்டுக்கொண்டிருந்தது என்ன என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. ஆனால் உறைத்த பிறகும் இன்னும் ஒன்றரை நாள் சும்மாதான் இருந்தேன்.

வியாழக்கிழமை காலை நான் ஆபீசுக்குள் நுழைந்தபோது அண்ணன் தன் சொந்த ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், டார்ச் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி சாமான் எது, தன் சாமான் எது என்று ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்திருந்தார். பிறகு ஒன்றும் சொல்லக் கூடாது பாரு என்றார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் மேனேஜர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று நினைவில்லை.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். பொறி, சேலை, டெலிவரி காகிதம், பதினெட்டு வரி, புதன்கிழமை திருத்தியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றேன். முடித்ததும் மேனேஜர், தப்பு உன்னுடையது என்று எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டார். அவர்கள் டிக் போடாத அந்த நிமிஷமே என்றேன். அவர் போனை எடுத்து மிஷின் விற்ற கம்பெனியின் சர்வீஸ் பிரிவைக் கூப்பிட்டார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. நவம்பர் மாதமே அவர்களுடைய இன்ஜினியர் ஒருவர் வந்து, தன்னிடம் இருந்த சாவியால் மூன்றாவது மிஷினைத் திறந்து, ஏழாவது ஸ்லாட்டில் பழுதான போர்டை எடுத்துக்கொண்டு, ரிப்பேர் ஆன பழைய போர்டு ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். சீட்டு அவர்கள் ஃபைலில் இருக்கிறது, எங்களுக்குப் பிரதி அனுப்ப மறந்துவிட்டார்கள். அண்ணன் அன்று காய்ச்சலில் லீவு. கிறிஸ்துமஸ் அன்று நான் கையை நீட்டி அந்த ஒரு போர்டை இழுத்துப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும்.

மேனேஜர் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. நிரந்தரமாவது இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போகும், நாற்பத்தெட்டு போர்டுகளையும் நீயே மறுபடி உன் கண்ணால் பார்க்க வேண்டும், பருத்திச் சேலை கட்டிக்கொண்டு வா என்றார். பிறகு அண்ணனை உள்ளே கூப்பிட்டு, சாவிக்கொத்தை மேசைமேல் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். என்ன நடந்தது என்று நீயே சொல் என்று என்னிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

தமிழில் சொன்னேன், பட்டியலைத் திருத்தியதை மட்டும் விழுங்கிவிட்டு. இங்கிலீஷைவிட அது கஷ்டமாக இருந்தது. அண்ணன் சாவியைத் தொடாமல் நின்று கேட்டார். முடிந்ததும் நீளமாக மூச்சு விட்டார்.

"உனக்கு எப்பம்மா இது தெரிஞ்சது?"

மேனேஜர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது.

"நேத்துதான் அண்ணே," என்றேன்.

"அப்படியா," என்றார். பிறகு அவர் கண் கலங்கிவிட்டது. "தெரிஞ்ச உடனே ஓடி வந்து சொல்லிட்டே பாரு. வேற யாரா இருந்தாலும் வாய மூடிட்டு இருந்திருப்பாங்க லா." என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்த கை குளிர்ந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவரும் மனைவியும் ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவுக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. அவர் மனைவிதான் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார். "உங்க மக மாதிரி ஒரு பிள்ளைய நான் பார்த்ததில்லக்கா. தன் வேல போனாலும் பரவாயில்லன்னு போய்ச் சொல்லியிருக்கு." அம்மா பெருமையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அண்ணன் மனைவி என் பக்கம் திரும்பினார்.

"பத்து நாளா இவர் ஒரு வாய் ஒழுங்கா சாப்பிடலம்மா. நான் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்க போறதுன்னு யோசிச்சிட்டே இருந்தேன். முந்தாநாள்கூட உனக்குத் தெரியாமப் போயிருந்தா எங்க கதி என்னாயிருக்கும், சொல்லு?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"காப்பி ஆறுது, குடிங்க அண்ணி," என்றேன்.